விம்பர்லி குடும்பத்துக்கு இந்தக் கொலையில் சம்பந்தமில்லை

முகத்தில் பாதி சோப்பு நுரையோடு, முடிதிருத்தும் கடை நாற்காலியில் அகஸ்டஸ் விம்பர்லி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தபோதுதான், தன் குடும்பத்துப் பெண் ஒருத்தி புருஷனைக் கொன்றுவிட்ட செய்தி அவருக்குத் தெரியவந்தது.

நிமிர்ந்து என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அது சாய்வு நாற்காலி. ஆல்டர் கிரீக் ஊரில் எல்லோரும் அதில் சாய்ந்துகொண்டுதான் சவரம் செய்துகொள்வார்கள். அகஸ்டஸ் சாய்வதில்லை. விம்பர்லிகள் எதன்மீதும் சாய்ந்ததில்லை. அதனால் கடைக்கார ஆர்லோ, அவருக்குச் சவரம் செய்யும்போது மட்டும் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றுகொள்வார்.

"உங்க வீட்டம்மா சௌக்கியமா?" என்று கேட்டார் ஆர்லோ.

"சௌக்கியம்தான். ஏன்?"

"இல்ல, இந்த சினிமாப் பத்திரிகையில வேற மாதிரி போட்டிருக்கான். திருமதி விம்பர்லிக்கும் ஒரு நடன வாத்தியாருக்கும் ஏதோ ஆயிடுச்சாம். ரெண்டு பேருமாச் சேர்ந்து அந்தம்மா புருஷனைத் தீர்த்துட்டாங்களாம். அவரு பல் டாக்டர். பல் பிடுங்கறப்ப கொடுப்பாங்களே சிரிப்பு வாயு, அதை நிறுத்தாம விட்டுட்டாங்க. மனுஷன் சிரிச்சுக்கிட்டே போய்ச் சேர்ந்துட்டாரு."

"எந்த ஊர்ல?"

"ஊர்ல இல்லீங்க, படத்துல. பெல்வெதர் ஸ்டுடியோ எடுக்குற படம். கழுத்தை ஆட்டாதீங்க, கையில கத்தி இருக்கு."

அகஸ்டஸ் கழுத்தை ஆட்டவில்லை. எழுந்தே போய்விட்டார். மறுபாதி முகத்தில் நுரையோடு அவர் விம்பர்லி தெருவின் நடுவே நடந்து, விம்பர்லி நினைவுக் குடிநீர்க் குழாயைக் கடந்து வீடு சேர்ந்ததை ஊரே பார்த்தது. அந்தக் குழாயில் தண்ணீர் நூல் போலத்தான் வரும். அதன்மேல் செதுக்கிய பெயரை மட்டும் எதிர்ச்சாரியிலிருந்தே படிக்கலாம். ஊர் அமைந்திருந்த பள்ளத்தாக்கில் முதல் வால்நட் கன்றை நட்டவர் அகஸ்டஸின் பாட்டனார். அதன்பின் வந்த எந்த விம்பர்லியும் முதுகு வளைந்து நின்றதில்லை, செய்ததை இல்லை என்று சொன்னதில்லை. குடும்பத்தின் சட்டம் இந்த இரண்டுதான்.

அவர் மனைவி எடித் சமையலறையில், பழம் வைத்துச் சுடும் பைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். விஷயத்தை முழுவதும் பொறுமையாகக் கேட்டாள்.

"அந்த நடன வாத்தியார் பார்க்க எப்படி இருப்பாராம்?" என்றாள்.

"எடித், ஊர்ல திருமதி விம்பர்லின்னா நீதான்."

"அதனாலதான் கேக்குறேன்."

அகஸ்டஸ் மீதிச் சவரத்தைத் தானே முடித்துக்கொண்டு, சவ அடக்கங்களுக்குப் போகும் கறுப்புக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு லாஸ் ஏஞ்சலிஸ் பஸ் ஏறினார்.

ஸ்டுடியோ வாசலில் நின்ற காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான்.

"நீதிபதி வேஷமா, பொண வேஷமா? பொணம்னா பின் கேட்டு."

"நான் வேஷத்துக்கு வரலை. மானத்துக்காக வந்திருக்கேன்."

"அது மூணாவது மாடி" என்றான் காவலாளி.

மூன்றாவது மாடியில் இருந்தது பெயர் அனுமதித் துறை. நீண்ட கூடம். சுவர் முழுக்க நாட்டின் எல்லா ஊர்களின் தொலைபேசிப் புத்தகங்கள். மேஜைகளில் குனிந்திருந்தவர்கள் அவற்றை உதடு அசையாமல் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேஜையிலும் பெயர்ப் பலகை இல்லை. கோடியில் கண்ணாடி அறைக்குள் துறைத்தலைவர் இருந்தார். வட்ட முகம், வழுக்கை, அனுதாபமான கண்கள். பக்கத்தில் பென்சிலோடு ஒரு செயலாளர் அம்மா.

"நான் அகஸ்டஸ் விம்பர்லி. உங்க பேரு?"

"அது இன்னும் அனுமதி ஆகலைங்க" என்றார் தலைவர்.

"உங்க சொந்தப் பேரா?"

"இந்தத் துறையில யாரும் சொந்தப் பேரை வெளியில சொல்றதில்லை. சத்தமாச் சொன்னா எழுத்தாளருங்க காதுல விழும். அடுத்த வாரமே அது ஒரு கசாப்புக்காரனுக்கோ கள்ளக் காதலனுக்கோ போயிடும். என்னைத் தலைவர்னே கூப்பிடுங்க. உக்காருங்க. நாற்காலி சாயும், பயப்படாதீங்க."

அகஸ்டஸ் அதன் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்த காரியத்தைச் சொன்னார். தலைவர் இடையில் குறுக்கிடவே இல்லை. முடிந்ததும் கைகளைக் கோர்த்துக்கொண்டார். பலமுறை பேசிப் பழகிய பேச்சு என்பது அவர் தொண்டையைச் செருமிய விதத்திலேயே தெரிந்தது.

"ஐயா, ஒரு காலத்துல சினிமாக்காரங்க மனசுல தோணின பேரை எல்லாம் வெச்சாங்க. கொள்ளைக்காரனுக்கு ஒரு பேர் வைப்பாங்க, அதே பேர்ல எங்கேயாவது ஒரு பாதிரியார் இருப்பாரு. உடனே கோர்ட்டு, வழக்கு. அந்த அநியாயத்தை ஒழிக்கத்தான் இந்தத் துறை. நாங்க வந்த பிறகு ஒரு உத்தமரும் எங்க படத்தால பாதிக்கப்பட்டேன்னு நிரூபிச்சதில்லை."

"பாதிக்கப்பட்டதில்லையா, நிரூபிச்சதில்லையா?"

"நிரூபிச்சதில்லை. முதல்ல சொன்னது எங்க வேலை இல்லைங்களே."

செயலாளர் அம்மா தலையை ஆட்டி ஆமோதித்தாள்.

"எங்க விதி ரொம்ப எளிசு" என்று தொடர்ந்தார் தலைவர். "ஒரு பேரை உலகத்துல யாருமே வெச்சுக்கலைன்னா, அது பாதுகாப்பான பேர். நிறையப் பேர் வெச்சிருந்தாலும் பாதுகாப்புதான். ஒவ்வொருத்தரும் இது பக்கத்து வீட்டுக்காரனைத்தான் சொல்லுதுன்னு சந்தோஷமாப் போயிடுவாங்க. ஒருத்தர், ரெண்டு பேரு மட்டும் வெச்சிருக்காங்க பாருங்க, அதுதான் ஆபத்து. அவங்களுக்கு மானம் இருக்கும்."

"நிறையப் பேர் இருந்தா மானம் இருக்காதா?"

"இருக்குங்க. பங்கு போட்டா ஆளுக்குக் கொஞ்சம்தான் வரும்."

பிறகு, போகிற போக்கில் கேட்பதுபோல, "உங்க குடும்பம் பெருசுங்களா?" என்றார்.

இந்தக் கேள்வியை அகஸ்டஸிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்க அவசியமில்லாமல் அவரே சொல்லிவிடுவார். இப்போது ஒருவர் வலியக் கேட்கிறார். முதுகு இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தது. பள்ளத்தாக்கு முழுவதும் விம்பர்லிகள்தான் என்றார். வால்நட் உலுக்கும் பருவம் முடிந்ததும் குடும்பம் ஒன்றுகூடும்போது தேவாலயத்து மேஜைகளை எல்லாம் இரவல் வாங்கினாலும் போதாது என்றார். பேக்கர்ஸ்ஃபீல்டில் ஒரு கிளை, ஆரிகனில் ஒரு கிளை. ஞானஸ்நானத் தொட்டியில் விம்பர்லிக் குழந்தை நனையாத மாதமே இல்லை என்றார்.

தலைவரின் முகம் மலர்ந்தது. செயலாளர் அம்மா ஒரு தாளில் 'நிறைய' என்று எழுதி, முத்திரை குத்தினாள்.

"பாதுகாப்பு" என்றார் தலைவர். "மனசு நிறைஞ்சுடுச்சு. இவ்வளவு பெரிய குடும்பம்னு எங்களுக்கே தெரியாது. சின்னக் குடும்பமா இருந்திருந்தா அந்தப் பேரைத் தூக்கிட்டிருப்போம்."

பஸ்ஸில் திரும்பும்போது அகஸ்டஸ் ஜன்னல் வழியே ஆரஞ்சுத் தோப்புகளைப் பார்த்துக்கொண்டு, தான் வாயால் கெட்டதை நிதானமாக எண்ணிப் பார்த்தார். தப்பு பேச்சில் இல்லை, குடும்பத்தில் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ரொம்பப் பெருத்துவிட்டது.

அந்த வருஷத்துக் குடும்பக் கூடல் வழக்கம்போல அவர் வீட்டு வால்நட் மரங்களின் அடியில் நடந்தது. பொரித்த கோழி, உருளைக்கிழங்கு சாலட், சோளக் கதிர். குழந்தைகள் மரத்தில், பெரியவர்கள் நிழலில். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும் அகஸ்டஸ் எழுந்து நின்று, குடும்பத்துக்கு நேர்ந்த அவமானத்தைச் சொன்னார். கரண்டிகள் கீழே விழும் என்று எதிர்பார்த்தார்.

"அண்ணே, படம் எப்ப ரிலீஸ்?" என்றான் லெஸ்டர். அவருடைய சித்தப்பா மகன், பழைய கார் விற்பவன்.

"இது ரிலீஸைப் பத்தின பேச்சு இல்லை."

"நான் ஏற்கெனவே போர்டு எழுதச் சொல்லிட்டேண்ணே. 'விம்பர்லி கார்கள். எங்க கார் யாரையும் கொல்லாது.' ஜனம் நின்னு படிக்குது."

அகஸ்டஸின் மூக்கு நுனி வெளுத்தது. "லெஸ்டர், இந்த நிமிஷத்திலிருந்து நீ விம்பர்லி இல்லை."

பாதி வேடிக்கை என்று எண்ணிச் சிலர் சிரித்தார்கள். அகஸ்டஸின் அக்கா பியூலா சிரிக்கவில்லை. மூன்று புருஷன்களைக் கட்டி, மூவரையும் அடக்கம் செய்து, ஒருவர் பெயரையும் ஏற்காமல் பிறந்த வீட்டுப் பெயரோடே இருப்பவள் அவள்.

"அவனை நீக்க நீ யாருடா?" என்றாள். "நீ தொட்டில்ல கெடந்தப்ப இந்தப் பேரை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான்."

"மூணு கல்யாணம் பண்ணினவ விம்பர்லியா இருக்க முடியாது, பியூலா."

"மூணு பேரையும் விட்டேன். பேரை விடலை. நீ ஒரே ஒருத்தியைக் கட்டிக்கிட்டு எல்லாரையும் விடுறே."

பியூலாவுக்காகப் பரிந்து பேசியவர்களை அகஸ்டஸ் நீக்கினார். அவர்களுக்காகப் பரிந்து பேசியவர்களையும் நீக்கினார். சாக்ஸபோன் வாசிப்பவன், தேவாலயத்தில் தூங்குபவன், சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிபோனவள், அவளுக்குக் கடிதம் எழுதுபவள் என்று காரணங்கள் தேடாமலே வந்து விழுந்தன. ஒவ்வொரு குடும்பமாகத் தங்கள் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு காரேறிப் போனது. கடைசியில் மரத்தடியில் நீண்ட மேஜைகளும் அகஸ்டஸும் எடித்தும் ஒரு குண்டான் சாலட்டும் மிஞ்சின.

"எனக்கும் ஒரு பொறந்த வீட்டுப் பேர் இருக்கு" என்றாள் எடித். "தேவைப்பட்டா நானும் போயிடறேன். ஆனா இவ்வளவு சாலட்டை நீங்க ஒருத்தரே சாப்பிடணும்."

மறுவாரம் இருவரும் ஸ்டுடியோவுக்குப் போனார்கள். அகஸ்டஸ் தன் குடும்பத்தைத் தவறாகப் பெருக்கிச் சொல்லிவிட்டதாகவும், உண்மையில் தாங்கள் இரண்டே பேர்தான் என்றும் சொன்னார். தலைவரின் முகம் சுருங்கியது.

"ரெண்டே பேரா? அது ரொம்ப ஆபத்தான எண்ணிக்கையாச்சே." செயலாளர் அம்மாவைப் பார்த்தார். "விசாரிங்க."

அவள் தொலைபேசியில் எண்ணைச் சுழற்றினாள். எதிர்முனைக் குரல் அறை முழுக்கக் கேட்டது. லெஸ்டர் கார் விற்கும் குரலையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துபவன்.

"நீங்க விம்பர்லியா?"

"இல்லம்மா. பத்து நாளா இல்லை. போர்டையும் கழட்டியாச்சு."

அடுத்து பியூலா. "விம்பர்லியா? அது எங்க ஊர்த் தண்ணிக் குழாயோட பேரு. எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அகஸ்டஸ் தொப்பியை மடியில் ஒருமுறை சுற்றினார். தான் கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்த விதம்தான் அவருக்குப் பிடிக்கவில்லை.

"பேர் மட்டும் ஒத்துப்போனாலே தொல்லை. வேற என்னவெல்லாம் ஒத்துப்போகுதுன்னு பார்த்துடணும்" என்றார் தலைவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஐயா, நீங்க பல் டாக்டரா?"

"இல்லை. வால்நட் விவசாயி."

"பல் உடைக்கிற பண்டம்தான். ஏறக்குறைய அதே தொழில்" என்றார் தலைவர். செயலாளர் அம்மா எழுதிக்கொண்டாள். "வெள்ளை வீடா?"

"ஊர்ல எல்லாமே வெள்ளை வீடுதான்."

"அம்மா, உங்களுக்கு நடனம் ஆடத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் எடித். "கூட ஆடத்தான் ஆளில்லை."

தலைவர் பரபரப்போடு நிமிர்ந்தார். "உங்க கணவரைக் கொன்னுடலாம்னு எப்பவாவது தோணினதுண்டா? தயங்காமச் சொல்லுங்க. இது துறைக்குள்ளேயே இருக்கும்."

எடித் தயங்கத்தான் செய்தாள். அகஸ்டஸ் திரும்பி அவளைப் பார்த்தார்.

"அடிக்கடி இல்லை" என்றாள்.

"ஐயோ. இது கதையே இல்லையே, வாழ்க்கை வரலாறு ஆயிடுச்சே" என்றார் தலைவர். "பேரை உடனே மாத்தணும்."

படமோ எடுத்து முடிந்துவிட்டது. ஆகவே புதுப் பெயரைக் குரலில் மட்டும் மாற்ற வேண்டும். நடிகர்களின் உதடு பழைய பெயரைச் சொன்ன அதே அசைவுக்குப் பொருந்த வேண்டும். அதற்கென்று ஒருவர் இருந்தார், உதட்டுப் பொருத்துநர். இருட்டறையில் திரையில் தெரிந்த பெரிய உதடுகள் "விம்பர்லி" என்று மௌனமாகச் சொல்ல, பொருத்துநர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்தார்.

"கிம்பர்லி."

"மான்டானாவுல ஒரே ஒரு பாதிரியார்" என்றாள் செயலாளர் அம்மா.

"டிம்பர்லி."

"கான்ஸஸ்ல மிட்டாய்க் கடை வெச்சிருக்கற அக்கா தங்கச்சி. கல்யாணம் ஆகலை. மானம் நிறைய இருக்கும்."

"பிம்பர்லி."

உதடு அச்சாகப் பொருந்தியது. செயலாளர் அம்மா எல்லாப் புத்தகங்களையும் பார்த்துவிட்டு வந்தாள். "நாடு பூரா தேடியாச்சு. எந்தப் புத்தகத்துலயும் இல்லை. முழுப் பாதுகாப்பு."

தலைவரிடமிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது, ரப்பர் குழாயை மிதித்ததுபோல. "நல்லாத் தேடினீங்களா?" என்றார்.

"ரெண்டு தடவை."

"பட்டியல்ல சேர்க்காம யாராவது... போன்காரங்ககிட்டச் சொல்லிப் பேரை எடுத்துடச் சொன்னவங்க யாராவது..."

"அப்படி யாராவது இருந்தா, விதிப்படி அவங்க இல்லாதவங்கதானே சார்? நீங்கதானே விதி எழுதினீங்க."

தலைவர் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார். முத்திரை குத்தப்பட்டது. அவர் அகஸ்டஸின் கையைக் குலுக்கியபோது தலைவரின் கை வியர்த்திருந்தது.

"உங்க மானத்துக்கு முழுப் பாதுகாப்பு. அது போதாதுன்னு துறை சார்புல இன்னொரு ஏற்பாடும் செய்யறோம். பொதுவா ஊர் ஊராப் படம் போறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு ஊர்ல போட்டுப் பார்ப்போம். இதை உங்க ஊர்லயே போடுவோம். நீங்க முதல் வரிசையில உக்காருங்க."

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலை, ஆல்டர் கிரீக்கின் ஒரே தியேட்டரில் இடமில்லை. அகஸ்டஸும் எடித்தும் முதல் வரிசையில் இடப்பக்கம் உட்கார்ந்தார்கள். நடைவழிக்கு வலப்பக்கம் முழுவதையும் முன்னாள் விம்பர்லிகள் அடைத்துக்கொண்டார்கள். யாரும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. பியூலா தொப்பியின் வலையைக்கூட அந்தப் பக்கமாகவே இழுத்துவிட்டிருந்தாள்.

விளக்கு அணைந்தது. இசை முழங்கியது. திரையில் ஆளுயர எழுத்துகள் வந்தன.

'இப்படத்தில் வரும் கள்ளக் காதலுக்கும் கொலைக்கும், கலிஃபோர்னியா மாநிலம் ஆல்டர் கிரீக் ஊரைச் சேர்ந்த திரு. அகஸ்டஸ் விம்பர்லி அவர்களுக்கும், அவர் மனைவி திருமதி எடித் விம்பர்லி அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை உறுதியாகத் தெரிவித்துக்கொள்கிறோம்.'

மெதுவாகப் படிப்பவர்களுக்கும் வசதியாக அது திரையில் நெடுநேரம் நின்றது. தியேட்டர் மொத்தமும் எடித்தை எட்டிப் பார்த்தது. பின்வரிசையிலிருந்து ஆர்லோவின் குரல் கேட்டது. "அப்ப நிஜமாவே ஏதோ நடந்திருக்குடா."

எடித் கையுறையைச் சரிசெய்துகொண்டாள். அவளுக்கு அது அவ்வளவு மோசமாகத் தோன்றவில்லை என்பதை அகஸ்டஸ் இருட்டிலும் கவனித்தார்.

படம் ஓடியது. திருமதி பிம்பர்லி நடனம் கற்றாள், காதலித்தாள், வாயுக் குழாயைத் திறந்தாள். அவளை மாட்டிவிட்டு நடன வாத்தியார் மெக்ஸிகோவுக்கு ஓடினான். கடைசியில் நீதிமன்றம். வழக்கறிஞர் அவளைத் தப்பவைக்க ஒரு பொய்யைத் தட்டில் வைத்து நீட்டுகிறார். அவள் வேண்டாம் என்று எழுந்து நின்றாள். முதுகு நேராக, முகவாய் உயர்ந்து, கைப்பிடிக் கம்பியைக்கூடத் தொடாமல், "நான்தான் செஞ்சேன்" என்றாள். அகஸ்டஸ் தன்னை அறியாமல் நாற்காலியில் இன்னும் நிமிர்ந்தார். நடைவழிக்கு அந்தப் பக்கமும் ஒரு வரிசை முழுக்க முதுகுகள் நிமிர்ந்தன. அதையும் அவர் பார்த்தார்.

வெளியே பாப்கார்ன் மேஜையருகில் பியூலா அவரை மறித்தாள். பின்னால் லெஸ்டர், அவன் பின்னால் பள்ளத்தாக்கே திரண்டிருந்தது.

"நான் கொலை பண்ணினேனா?" என்றாள்.

"இல்லை."

"கள்ளக் காதல்?"

"எனக்குத் தெரிஞ்சு இல்லை."

"அப்புறம் என் பேரை ஏன் போடலை? உனக்கும் எடித்துக்கும் சம்பந்தமில்லைன்னு ஆளுயரத்துக்குப் போட்டிருக்கான். எங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க? ரெண்டு பேர் நிரபராதி, மத்தவங்க மேல சந்தேகம்னுதானே?"

"எனக்கு வியாபாரமே போயிடும்ணே" என்றான் லெஸ்டர்.

"நீங்கதான் போன்ல விம்பர்லியே இல்லைன்னு சொன்னீங்க. என் காதால கேட்டேன்."

"நாங்க கோவத்துல சொன்னோம்" என்றாள் பியூலா. "நீ நிதானமாச் சொன்னே. கையில கோழிக்காலை வெச்சுக்கிட்டு."

செய்ததை இல்லை என்று சொல்லும் வழக்கம் குடும்பத்தில் கிடையாது.

"சொன்னேன்" என்றார். பியூலாவை நேராகப் பார்த்து, "நான்தான் சொன்னேன். தப்பு" என்றார்.

எடித் தன் கையை அவர் கைக்குள் நுழைத்துக்கொண்டாள்.

அடுத்த நாள் லாஸ் ஏஞ்சலிஸ் பஸ்ஸில் வேறு யாருக்கும் இடம் கிடைக்கவில்லை. ஸ்டுடியோ வாசலில் அந்தக் காவலாளி கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஊர்வலக் காட்சியா, கலவரக் காட்சியா?" என்றான். "குடும்பம்" என்றார் அகஸ்டஸ். அவன் மறுபேச்சில்லாமல் கேட்டைத் திறந்தான்.

பெயர் அனுமதித் துறையின் நீண்ட கூடம் நிரம்பி, படிக்கட்டும் நிரம்பியது. குழந்தைகள் தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கி ஏறி விளையாடின. தலைவர் கண்ணாடி அறையிலிருந்து ஓடிவந்தார். இரண்டு வாரத்தில் அவர் இளைத்திருந்தார்.

"இவங்கல்லாம் யாருங்க?"

"விம்பர்லிகள்."

"எல்லாருமா?"

"மேஜை பத்தாத அளவுக்கு" என்றார் அகஸ்டஸ். "முன்னே சொன்னதுதான் சரி. பின்னே வந்து சொன்னது என் தப்பு. இவங்க எல்லார் பேரையும் அந்த அறிவிப்புல சேர்க்கணும். இவங்களும் கொலை செய்யலை."

தலைவர் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். கண்களில் நீர் திரையிட்டது. "நிறைய" என்றார் மெல்ல. "நிறைய இருக்காங்க. அப்படின்னா அறிவிப்பே வேண்டாமே ஐயா. பாதுகாப்பு. பேரையே பழையபடி வெச்சுடலாமே." அகஸ்டஸின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "உங்ககிட்டச் சொல்றதுக்கென்ன. பிம்பர்லிங்கறது என் பேரு. எங்கம்மா இன்னும் உயிரோட இருக்காங்க. என் ஸ்டுடியோ எடுக்குற படம்னு வர்ற வாரம் தோழிகளோட பார்க்கப் போறாங்க. நான் விதிப்படி இல்லாத ஆள். எங்கே போய் முறையிடுவேன்?"

கூடத்தில் இருந்த எல்லோரும் அகஸ்டஸையே பார்த்தார்கள். லெஸ்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டான். பியூலா தொப்பியின் வலையை மேலே தூக்கிவிட்டாள். குடும்பப் பெயர் படத்தில் வராமல் இருக்க வேண்டுமென்றால் இந்தக் கூட்டத்தை மறுபடியும் பஸ் ஏற்றி, ரெண்டே பேர் என்று சொல்ல வேண்டும். செயலாளர் அம்மா பென்சிலோடு காத்திருந்தாள்.

அகஸ்டஸ் தொப்பியைக் கையில் ஒருமுறை சுற்றினார்.

"அந்தப் பொம்பளை" என்றார் கடைசியில், "நாடு பூரா காட்டுற படத்துலயும் கோர்ட்டுல எழுந்து நிக்கிறாளா? அந்தக் காட்சியை வெட்டிடலையே?"

"இல்லீங்க. அப்படியே இருக்கு."

"எதையும் பிடிச்சுக்காமதானே நிக்கிறா?"

"எதையும் பிடிச்சுக்காம."

"செஞ்சதை இல்லைன்னு சொல்லலையே?"

"நான்தான் செஞ்சேன்னு சொல்றா. நீங்கதான் பார்த்தீங்களே."

அகஸ்டஸ் திரும்பிப் பியூலாவைப் பார்த்தார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார்.

"அப்படின்னா அவ விம்பர்லிதான்" என்றார். "எழுதிக்கோங்கம்மா."